நிமிடத்துக்கு ஆறு மூச்சு

உடலின் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை மனிதனின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. இதயத்தைச் சற்று மெதுவாக அடிக்கச் சொல்லவோ, இரைப்பையின் வேலையை நாளைக்குத் தள்ளிப்போடவோ எவராலும் இயலாது. இவற்றையெல்லாம் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம் எனப்படும், விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்பமைப்பு. மூச்சோ இரண்டு பக்கமும் சேர்ந்தது. உறங்கும்போது அது தானே நடக்கிறது. விழித்திருப்பவர் நினைத்தால் அதை அடக்கலாம், நீட்டலாம், எண்ணலாம். போரின் நினைவு விடாமல் துரத்த, அதிலிருந்து தப்ப மதுவிலும் போதைமருந்திலும் சிக்கிக்கொண்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் கடந்த இருபது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்படும் மூச்சுவழிப் பின்னூட்டப் பயிற்சி, இந்த விதிவிலக்கின் மேல் கட்டப்பட்டது.

பின்னூட்டம், அதாவது பயோஃபீட்பேக், என்பது உடலுக்குள் ஓசையின்றி நடக்கும் ஒன்றைக் கருவியால் அளந்து, அந்த அளவை உடையவரின் கண்ணுக்கோ காதுக்கோ உடனுக்குடன் காட்டி, அதைப் பார்த்தபடியே அவர் தம்மைத் திருத்திக்கொள்ளப் பழக்கும் முறை. கண்ணாடி பார்க்காமல் வைத்த பொட்டு சற்றே விலகியிருந்தாலும் வைத்தவருக்குத் தெரிவதில்லை; கண்ணாடி எதிரில் இருந்தால் விரல் தானே சரிசெய்துகொள்ளும். 1969இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கூடிய ஆய்வாளர்கள் இத்துறைக்கு இந்தப் பெயரைச் சூட்டினர். தொடக்கத்தில் இத்துறை அளவுக்கு மீறி வாக்களித்ததையும் சொல்லியாக வேண்டும். தசைகள் செயலிழக்கச் செய்யப்பட்ட எலிகள்கூடப் பரிசுக்காகத் தம் இதயத் துடிப்பை மாற்றக் கற்றுக்கொள்கின்றன என்று நீல் மில்லரின் ஆய்வகம் வெளியிட்ட முடிவுகள் உலகையே வியப்பில் ஆழ்த்தின. பிறகு அவராலேயே அவற்றை மீண்டும் செய்துகாட்ட முடியாமல் போனது. அதன்பின் இத்துறையில் நிலைத்தவை, இதயத்தை நேரடியாக அடக்க முயலாமல், மூச்சைப் போன்ற ஓர் இடைவழியே அதை அணுகிய முறைகளே.

போருக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு மனநல மருத்துவத்துக்கு முன்பே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் படைவீரர்களைக் கவனித்த ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா, படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சிறு வேலைக்கே தளர்ச்சி என முறையிட்ட முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பற்றி 1871இல் எழுதினார். அவர்களுடைய இதயத்தில் கண்ணுக்குத் தெரிந்த பழுது ஏதும் இல்லை என்பதால் அதை 'எளிதில் சீண்டப்படும் இதயம்' என்றார். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் தாமஸ் லூயிஸ் அதையே 'படைவீரர் இதயம்' என்ற பெயரில் ஆராய்ந்தார். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல்தான், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நடந்து முடிந்த நிகழ்ச்சி இப்போதுதான் நடக்கிறது என்பதுபோல் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் விலக்குதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், தூக்கம் கெடுதல், எதிலும் மனம் ஒட்டாதிருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பெயர் மனத்துக்குச் சூட்டப்பட்டதால், டா கோஸ்டா பார்த்த இதயம் சற்றுப் பின்னுக்குப் போய்விட்டது. இப்பயிற்சி ஒரு வகையில் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

போதையின் கதையும் அதே வியட்நாமில் தொடங்கிப் பார்க்கத் தக்கது. அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்குப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையானார். அவர்கள் நாடு திரும்பினால் என்ன ஆகும் என்று அஞ்சிய நிக்சன் அரசு 1971இல் சிறுநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கியது. திரும்பியவர்களைத் தொடர்ந்து விசாரித்த சமூகவியலாளர் லீ ராபின்ஸ் கண்டதோ எவரும் எதிர்பாராதது. அங்கே அடிமையாக இருந்தவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவில்தான் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையாயினர். இடம் மாறினால் பழக்கம் மாறும் என்பதற்கு இன்றும் காட்டப்படும் சான்று இது. ஆனால் போர்க்களத்தை மனத்தோடு கொண்டுவந்துவிட்டவர்களுக்கு இடம் மாறவே இல்லை. 1980களில் வியட்நாம் படைவீரர்களிடையே நடந்த பெரிய தேசிய ஆய்வில், அதிர்ச்சிக் கோளாறுக்கு ஆளான ஆண் வீரர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கும் அடிமையாகியிருந்தது தெரியவந்தது. போதைக்கு அடிமையாவோர் இன்பத்தைத் தேடுகிறார்கள் என்பதைவிட, தாங்க முடியாத ஒரு மனநிலைக்குத் தாமே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தம் என எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் வாதிட்டார். அந்த மருந்தின் கோளாறு, அது தணிக்கிற அதே அறிகுறியைத் தான் இறங்கும்போது ஏற்றிவிடுவது. இரவில் குடித்தவருக்கு முதல் சில மணி நேரம் தூக்கம் வருகிறது. விடியற்காலையில் இதயம் படபடக்க, வேர்வை வழிய, கை நடுங்க விழிப்பு வருகிறது. இது போர்க்கனவு கண்டு எழுவதைப் போலவே இருப்பதால் அடுத்த குவளைக்கு அதுவே காரணமாகிறது.

அதிர்ச்சியும் போதையும் இப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதற்கு மூளைத்தண்டில் ஓர் இடமே இருக்கிறது. நீலப்புள்ளி என்று மொழிபெயர்க்கத்தக்க இலத்தீன் பெயருடைய 'லோக்கஸ் சிருலியஸ்', பக்கத்துக்குச் சில பத்தாயிரம் நரம்பணுக்களே கொண்ட நீலம் பாய்ந்த சிறு திட்டு. மூளை முழுவதையும் விழிப்பில் வைக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் பெருமளவு இங்கிருந்துதான் பரவுகிறது. அதிர்ச்சிக் கோளாறுடையவர்களிடம் இந்த ஊற்று மிகையாகச் சுரக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அபினிவகை மருந்துகள் இதை அடக்குகின்றன. நாட்கணக்கில் அடக்கப்பட்ட திட்டு அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து நின்ற அன்று தடையேதும் இல்லாமல் பாய்கிறது. போதை விடும்போது வரும் படபடப்பு, மயிர்க்கூச்சு, தூக்கமின்மை ஆகியவற்றுள் பல இந்தப் பாய்ச்சலின் விளைவுகள். அவற்றைத் தணிக்கத் தரப்படும் குளோனிடின் மாத்திரை வேலை செய்வதும் இந்தத் திட்டின் மேல்தான்.

மூச்சு இங்கேதான் வந்து சேர்கிறது. முகுளத்தில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்றை 1991இல் ஜாக் ஃபெல்ட்மனும் உடனாய்வாளர்களும் அடையாளம் காட்டினர். அதற்குப் 'ப்ரீபட்சிங்கர்' என்று பெயர். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வுக் கூட்டத்தின் விருந்து மேசையில் இருந்த ஒயின் புட்டியின் பெயர்தான் அப்படி மூளைக்குள் குடியேறியது. 2017இல் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சுமார் 175 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பிரிவு நீலப்புள்ளிக்குச் செய்தி அனுப்புவதாக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். அந்தப் பிரிவை மட்டும் நீக்கியபோது எலிகள் மூச்சுவிடத் தவறவில்லை. ஆனால் புதிய கூண்டில் விட்டால் வழக்கம்போல் மோப்பம் பிடித்து அலையாமல், அமைதியாக உட்கார்ந்து மயிரை நக்கிச் சீர்செய்துகொண்டிருந்தன. மூச்சு வேகமானால் மூளை விழிக்கிறது, மெதுவானால் தணிகிறது என்ற பழைய அனுபவத்துக்கு ஒரு கம்பித் தொடர்பு கிடைத்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிவிடக் கூடாது என்றாலும், அபினி மிகுந்து இறப்பவர் பெரும்பாலும் மூச்சு நின்றே இறக்கிறார் என்பதும், அதில் இதே கூட்டத்துக்குப் பங்கு உண்டு என்பதும் சேர்ந்து, மூச்சும் போதையும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பதைக் காட்டுகின்றன.

மூச்சு தணிவைக் கொண்டுவரும் இரண்டாவது வழி இதயத்தினூடே செல்வது. பயிற்சியில் அளக்கப்படுவதும் இதுதான். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பும் ஒரே இடைவெளியில் விழுகிறது என்று பொருள் அல்ல. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று விரைகிறது, வெளியே வரும்போது தணிகிறது. கார்ல் லுட்விக் 1847இல், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவி கொண்டு இதைப் பதிவு செய்தார். தனித்து விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு முறை துடிக்கக்கூடிய இதயத்தை, முகுளத்திலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. மூச்சிழுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. இந்த ஏற்றஇறக்கத்தின் அளவை இதயத்துடிப்பு மாறுபாடு என்பர். மாறுபாடு என்ற சொல் கோளாறுபோல் ஒலித்தாலும் அது இருப்பதுதான் நலம். ஹூஸ்டனில் கேப்ரியல் டேன் குழுவினர் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், போர் அதிர்ச்சி உடைய வீரர்களிடம் இந்த மாறுபாடு மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. பிடி எந்நேரமும் தளர்ந்தே இருக்க, அபாயம் இல்லாத அறையிலும் இதயம் அபாயத்துக்குத் தயாராக நிற்கிறது.

மூச்சோடு சேர்ந்து இயங்கும் இன்னொரு சுற்றும் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணரிகள் இரத்த அழுத்தம் ஏறினால் சுவர் விரிவதை உணர்ந்து முகுளத்துக்குச் சொல்கின்றன, முகுளம் இதயத்தைத் தணிக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. செய்தி போய்ப் பலன் வர ஏறத்தாழ ஐந்து விநாடி ஆவதால், ஏறி இறங்கும் முழுச் சுற்றுக்குப் பத்து விநாடி. ஊஞ்சலைத் தள்ளுபவர் அது திரும்பி வரும் கணம் பார்த்துத் தள்ளினால் சிறு விசைக்கே உயரப் போகிறது. மாறிய கணத்தில் தள்ளினால் கைதான் வலிக்கும். மூச்சையும் பத்து விநாடிக்கு ஒன்றாக, அதாவது நிமிடத்துக்கு ஆறாக, ஆக்கினால் இரண்டு சுற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையே இதயம் பெரிய அலையாக எழுந்து விழக்கூடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். சோவியத் ஒன்றியத்தில் 1980களில் யெவ்கெனி வாஷில்லோ இதைக் கணித முறையில் ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூஜெர்சியில் பால் லெஹ்ரருடன் சேர்ந்து 2000இல் பயிற்சி முறையாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே இத்தாலியின் லுசியானோ பெர்னார்டி, கத்தோலிக்கர்களின் ஜெபமாலையை இலத்தீனில் சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று ஓதினாலும் மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நிற்பதை 23 பேரிடம் அளந்து காட்டினார். கருவி கண்டுபிடிக்காததைக் கருவி உறுதி செய்தது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் முதல் நாள் மிக எளிமையானது. வந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார, விரல் நுனியிலோ காது மடலிலோ துணிக் கவ்வி போன்ற ஓர் உணரி மாட்டப்படுகிறது. தோலுக்குள் பாயும் ஒளி ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்பதிலிருந்து அது துடிப்புகளின் இடைவெளியை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறது. திரையில் ஒரு கோடு ஓடுகிறது. அதிர்ச்சியும் போதையும் சேர்ந்த ஒருவரிடம் அக்கோடு பெரும்பாலும் மேட்டிலேயே, வெட்டிய புல்லின் நுனிபோல், சிறு சிறு முள்ளாக ஓடும். பிறகு திரையில் ஒரு பந்து ஏறி இறங்க, அதன் கூடவே மூச்சை விடச் சொல்கிறார்கள்: நிமிடத்துக்கு ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை என ஒவ்வொரு வேகத்திலும் சுமார் இரண்டு நிமிடம். எந்த வேகத்தில் அலை மிகப் பெரிதாகிறதோ அதுவே அவருக்குரிய வேகம். உயரமானவர்களுக்கு அது சற்று மெதுவாக அமைவதுண்டு. அதன்பின் வீட்டிலோ மையத்திலோ நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிடம். ஒரு வேளைக்கு 120 மூச்சு.

இதில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஆழம் என்ற சொல். மெதுவாக மூச்சுவிடச் சொன்னால் பலர் நெஞ்சு நிறைய இழுத்துவிடுகிறார்கள். அப்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல் நுனி மரத்து, அவர்கள் அஞ்சுகிற அதே படபடப்பு வந்து சேர்கிறது. பூரகம், ரேசகம் என்ற சொற்களில் பழகியவர்களுக்கு, இங்கே அழுத்தம் ரேசகத்தில், அதாவது உதட்டைக் குவித்து நீளமாக விடுவதில், என்றால் போதும். இன்னொரு தடை, கண்ணை மூடி உடலைக் கவனிப்பதே சிலருக்குப் போர் நினைவைக் கிளறிவிடுவது. அத்தகையவருக்குத் திரையில் ஓடும் கோடு ஒரு பிடிமானம். கண் திறந்திருக்கிறது, கவனம் உடலுக்கு வெளியே இருக்கிறது, ஆனாலும் வேலை உடலுக்குள் நடக்கிறது. தியானத்தில் நிலைக்காத ஒருவர் இதில் நிலைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி, பலன். இங்கே நிதானம் தேவை. மூளை அலைப் பின்னூட்டத்தை மதுவுக்கு அடிமையானவர்களிடமும் வியட்நாம் வீரர்களிடமும் பயன்படுத்தி யூஜின் பெனிஸ்டன் 1989இலும் 1991இலும் கொலராடோவிலிருந்து வெளியிட்ட வெற்றிகள் மிகப் பெரியவை. ஆட்கள் மிகச் சிலர். பிறர் அதே அளவு வெற்றியைப் பெற முடியவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு மூச்சுவழி ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன. டேன் குழுவின் ஆய்வில் வழக்கமான சிகிச்சையோடு இப்பயிற்சியும் பெற்ற வீரர்களிடம் இதய மாறுபாடு கூடி அதிர்ச்சி அறிகுறிகள் குறைந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் அவ்வாறு நிகழவில்லை. 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, போதை மீட்பு மையம் ஒன்றில் தங்கியிருந்த, அதிர்ச்சி அறிகுறிகளும் உடைய 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கையடக்கக் கருவி தந்து நாளுக்கு இருபது நிமிடம் நான்கு வாரம் மூச்சுப் பயிற்சியும், மறு பாதியினருக்குத் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் அளித்தது. மனச்சோர்வு குறைந்ததிலும் இதய மாறுபாடு கூடியதிலும் மூச்சுக் குழு முந்தியது. போதை வேட்கை குறையும் சாயலும் அதில் தெரிந்தது. ஆனால் அதிர்ச்சி அறிகுறிகளும் தூக்கமின்மையும் இரு குழுவிலும் குறைந்தன. அப்படியானால் குணம் செய்தது மூச்சா, அல்லது நாள்தோறும் இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2014இல் உள்ளிருப்புச் சிகிச்சையில் இருந்த இளைஞர்கள் 41 பேரிடம் செய்த சோதனையில் வேட்கை பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தாலும், அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக இல்லை.

கருவியே இல்லாத மூச்சும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ரவிசங்கரின் வாழும் கலை அமைப்பு கற்பிக்கும் சுதர்சனக் கிரியாவை ஈராக், ஆஃப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய 21 வீரர்களைக் கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் சோதித்து 2014இல் முடிவு வெளியிட்டது. ஒரு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. 2022இல் அதையே, எண்ணங்களைச் சீர்செய்யும் நிலைபெற்ற உளச்சிகிச்சை ஒன்றோடு 85 வீரர்களிடம் ஒப்பிட்டபோது, சிகிச்சை முடிந்த கட்டத்தில் அறிகுறிகளைக் குறைப்பதில் அது பின்தங்கவில்லை. சுதர்சனக் கிரியாவில் வேகமான மூச்சும் உண்டு என்பது ஆறு மூச்சுக் கோட்பாட்டுக்குச் சங்கடம்தான். வெளிவிடும் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளந்து, அதை உயர்த்தப் பழக்கும் வேறொரு கருவிக்கு 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதிர்ச்சிக் கோளாறுக்கென ஒப்புதல் அளித்தது. அது வேகஸ் நரம்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. மூன்று முறைக்கும் மூன்று விளக்கம் இருக்க மூன்றும் ஓரளவு பலன் தருகின்றன என்றால், விளக்கங்களுள் எதுவும் இன்னும் முழுமையில்லை என்பதே நேர்மையான முடிவு.

எனவே இதைத் துணைச் சிகிச்சை என்ற இடத்தில் வைப்பதே முறை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2017இல் தன் மருத்துவப் பயன்களின் பட்டியலில் பயோஃபீட்பேக்கையும் யோகத்தையும் தியானத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அதிர்ச்சிக் கோளாறுக்கு அத்துறையின் வழிகாட்டி முதலில் பரிந்துரைப்பது, நினைவை நேர்கொள்ளச் செய்யும் உளச்சிகிச்சைகளையே. இப்பயிற்சி செலவு குறைந்தது, பக்கவிளைவு அரிது, மறதியும் வெறுப்பும் நிறைந்த நாட்களில் தம் உடல் தமக்குக் கொஞ்சமேனும் வசப்படுகிறது என்பதைக் கண்ணால் காணச் செய்வது. இவை மூன்றும் சேர்ந்தால் மீட்பு மையங்களில் இதற்கு ஓர் இருக்கை தர மறுக்கக் காரணம் இல்லை. இதயத் தாளம் ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும், இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் திரையில் தெரியும் கோட்டை நம்ப முடியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சு வசப்பட்டதை நம்பி, அபினிப் பழக்கத்துக்குத் தரப்படும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளைத் தாமே நிறுத்துபவர்களுக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. இடைவெளி விட்டு மீண்டும் பழைய அளவில் போதையை எடுக்கும்போது தாங்குதிறன் குறைந்துவிட்ட உடலில் முதலில் நிற்பது மூச்சுதான்.